பேரைத் தான் கேக்கலையே மச்சி!

ஒரு மாசமாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. இன்டர்னல் டெஸ்ட், ரெக்கார்டு நோட்டு, நடுவில் மூன்று நாள் காய்ச்சல் என்று வழக்கமான சாக்குகள் தான். பிரிஞ்சியைப் பிரியாணி என்று விற்பதைப் பற்றிப் போன தடவை எழுதியதற்கு வாங்கிய திட்டுகளையே இன்னும் முழுசாகப் படிக்கவில்லை. அதற்குள் அடுத்த வம்பு. இந்த முறை சிரிப்பான்கள் குறைவாகத் தான் இருக்கும். கோபமாக இருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன செமஸ்டர் முடியும் நேரத்தில் எங்கள் கல்லூரியில் (எந்தக் கல்லூரி என்று தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொள்ளவும்) எல்லாருக்கும் ஒரு ஆன்லைன் ஃபார்ம் அனுப்பினார்கள். மாணவர் கருத்துக் கேட்பாம். தலைப்புக்குக் கீழே தடித்த எழுத்தில், உங்கள் பெயரோ ரோல் நம்பரோ கேட்கப்படாது, மனம் திறந்து எழுதலாம் என்று ஒரு வாக்குறுதி. அதற்குப் பிறகு ஆறு கேள்வி. எந்தத் துறை, எந்த வருஷம், ஆணா பெண்ணா, ஹாஸ்டலா டே ஸ்காலரா, சொந்த மாவட்டம் எது, பிளஸ் டூ தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா. அதைத் தாண்டினால் மெஸ், லேப், வாத்தியார்கள் பற்றி மார்க் போடச் சொல்லி ஒரு பட்டியல். கடைசியில் ஒரு பெரிய பெட்டி. வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதுங்கள்.

ஒருத்தர் அந்தப் பெட்டியை நம்பி எழுதிவிட்டார். ராத்திரி உடம்புக்கு முடியாமல் போனால் ஹாஸ்டல் கேட்டைத் திறக்க ஆளில்லை, ஒரு தடவை முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது என்று நாலு வரி. யார் பேரும் அதில் இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. பத்து நாள் கழித்து அவரைக் கூப்பிட்டு, பிரின்ட் எடுத்த ஒரு தாளை மேசை மேல் வைத்து, "இது நீ எழுதினது தானே?" என்று கேட்டார்கள். அவர் முழித்த முழியிலேயே பதில் இருந்தது. வீட்டுக்கு போன் போனது. அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ராத்திரி பஸ் பிடித்து வந்து, காலையில் ஆபீஸ் வாசலில் பதினொன்றரை வரைக்கும் நின்றார். கடைசியில் ஒரு மன்னிப்புக் கடிதம். எதற்கு மன்னிப்பு என்று அதில் தெளிவாக எழுதவில்லை. எழுதவும் முடியாது, ஏனென்றால் நாலு வரியும் உண்மை.

மெஸ்ஸில் அன்றைக்கு இது தான் பேச்சு. "பேரைத் தான் கேக்கலையே மச்சி, எப்படிடா கண்டுபிடிச்சாங்க?" ஒருத்தன் ஐபி அட்ரஸ் என்றான். இன்னொருத்தன் ஹாஸ்டல் வைஃபையில் எல்லாத்தையும் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்றான். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரன் ஒருத்தன் (நானே அந்தத் துறை தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன்) ஏதோ ஹேக்கிங் டூல் பேரெல்லாம் சொல்லிப் பயமுறுத்தினான். ஒரு மண்ணும் இல்லை சாமி. எக்ஸெலில் ஃபில்டர் போடத் தெரிந்தால் போதும்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் 62 பேர். பசங்க 41. அதில் ஹாஸ்டல் 24. அந்த 24 பேரில் என் மாவட்டத்துக்காரர்கள் 3 பேர். அந்த மூன்றில் தமிழ் மீடியம் நான் ஒருத்தன் தான். துறை, வருஷம், அப்புறம் இந்த நாலு, ஆக ஆறு தடவை மவுஸை அமுக்கினால் என் மூஞ்சி வந்து நிற்கிறது. எந்த நாளில் எந்த நொடியில் அனுப்பினேன் என்பதும் அந்த ஷீட்டின் முதல் கட்டத்திலேயே இருக்கும். லேப் நடக்கிற நேரத்தில் அனுப்பியிருந்தால், அந்த மணியில் ஃப்ரீயாக இருந்த பேட்ச் எது என்று டைம்டேபிளைப் பார்த்தால் தெரிந்துவிடும். பேர் கேட்கவில்லையாம்! ரேஷன் கார்டைத் தவிர எல்லாம் கேட்டாயிற்றே.

கூட்டத்தோடு கூட்டமாக நிற்பது தான் பாதுகாப்பு. ஒவ்வொரு கேள்வியும் ஒரு சல்லடை. ஆறு சல்லடையில் சலித்த பிறகு ஒரே ஒரு அரிசி மிஞ்சினால், அதற்குப் பேர் எழுதி ஒட்டினால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன?

இது ஏதோ எங்கள் ஊர்க் கல்லூரியின் தனிச் சிறப்பு என்று நினைத்து விடாதீர்கள். உலகத்தில் பெரிய பெரிய தலைகள் எல்லாம் இதே குழியில் விழுந்திருக்கின்றன. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம், ஆராய்ச்சியாளர்களுக்கு உதவட்டும் என்று சுமார் 6.5 லட்சம் பேர் மூன்று மாதத்தில் தேடிய சுமார் 2 கோடித் தேடல்களை இணையத்தில் போட்டது. நல்ல எண்ணம் தான். பேருக்குப் பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். சொந்தச் செலவில் சூனியம் என்பது இது தான். ஒரே நம்பருக்குக் கீழே ஒருத்தர் தேடியது எல்லாம் வரிசையாக இருந்ததா, நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் சில நாளிலேயே ஒரு நம்பரைப் பின்தொடர்ந்து ஜார்ஜியா மாநிலத்தில் அறுபது வயது தாண்டிய ஒரு பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். அவர் தன் ஊரில் தோட்ட வேலைக்கு ஆள் தேடியிருந்தார், தன் குடும்பப் பேர் உள்ளவர்களைத் தேடியிருந்தார். அது போதுமானதாக இருந்தது. (அவர் பேரை நான் எழுதவில்லை. நீங்கள் தேடினால் ஒரு நிமிஷத்தில் கிடைக்கும். இத்தனை வருஷம் கழித்தும் கிடைக்கும் என்பது தான் கொடுமையே.)

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தப் பெண்மணி ஏகப்பட்ட நோய்களைப் பற்றித் தேடியிருந்தார். பட்டியலை மட்டும் பார்த்தால் பாவம், இவருக்கு இல்லாத வியாதியே இல்லை என்று தோன்றும். உண்மையில் அவர் தன் சிநேகிதிகளுக்காகத் தேடியிருக்கிறார். யாருக்கோ உடம்பு சரியில்லை என்றால் நம் வீட்டில் அத்தையோ சித்தியோ விசாரித்துச் சொல்வார்களே, அந்த மாதிரி. இப்போது சொல்லுங்கள், 'மறைக்க ஒண்ணும் இல்லாதவனுக்கு என்ன பயம்' என்று ஜல்லியடிக்கிற கனவான்களே, அந்த அம்மாவிடம் மறைக்க என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத இடத்திலிருந்தே ஒரு தப்பான கதை எழுந்து நின்றது. தகவல் உண்மையைத் தான் சொல்லும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஏ.ஓ.எல். மூன்றே நாளில் அந்தக் கோப்பை எடுத்துவிட்டது. தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ராஜினாமா செய்தார், வேறு இரண்டு பேருக்கு வேலை போனது. ஆனால் அதற்குள் பிரதிகள் உலகம் முழுக்கப் போய்விட்டன. மன்னிப்புக் கடிதம் எழுதினால் டவுன்லோடு ஆனது திரும்பி வருமா?

இதற்கும் பத்து வருஷம் முன்னால் நடந்தது ஒன்று உண்டு. மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பேர், முகவரி எல்லாம் நீக்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். பயப்படாதீர்கள் என்று ஆளுநர் வில்லியம் வெல்டே உறுதி சொன்னார். லடான்யா ஸ்வீனி என்று எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகரத்து வாக்காளர் பட்டியலை வாங்கினார். ஆளுநருடைய பிறந்த தேதியில் அந்த ஊரில் ஆறு பேர். அதில் ஆண்கள் மூன்று பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் அவர் ஒருத்தர் தான். முடிந்தது. ஆளுநரின் மருத்துவப் பதிவு அவர் கையில். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு இந்த மூன்றையும் வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்தனியாகப் பிரித்துவிடலாம் என்று 2000த்தில் ஸ்வீனி கணக்குப் போட்டார். 2006ல் இன்னொருத்தர் மறுபடி கணக்குப் பார்த்து, 63 சதவீதம் தான் வருகிறது என்றார். சரி, குறைவாகவே வைத்துக்கொள்வோம். மூன்று கேள்விக்கே 63. நம் ஃபார்மில் ஆறு. அதுவும் நாட்டுக்கு இல்லை, ஒரு கல்லூரிக்குள்ளே.

இந்த இடத்தில் மெஸ்ஸில் ஒருத்தன் கேட்டது நியாயமான கேள்வி. "ஊர், மாவட்டம்லாம் கேட்டா தான்டா மாட்டுவோம். அதையும் எடுத்துட்டா?" எடுத்தாலும் மாட்டலாம் என்பதற்குத் தான் நெட்ஃப்ளிக்ஸ் கதை. 2006 அக்டோபரில் அவர்கள் 10 லட்சம் டாலர் பரிசு என்று ஒரு போட்டி வைத்தார்கள். ஏறக்குறைய 4.8 லட்சம் சந்தாதாரர்கள் படங்களுக்குப் போட்ட 10 கோடி மதிப்பெண்களைக் கொடுத்து, இதை வைத்து யாருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று எங்களை விட நன்றாகக் கணித்துக் காட்டுங்கள் என்றார்கள். ஊர் கிடையாது, வயசு கிடையாது. என்ன படம், என்ன மார்க், என்ன தேதி, அவ்வளவு தான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அரவிந்த் நாராயணனும் (நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்) அவருடைய ஆசிரியர் விடாலி ஷ்மாட்டிகோவும் அதை உடைத்தார்கள். ஒருத்தர் பார்த்த எட்டுப் படம் தெரிந்தால் போதும். அதில் இரண்டு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, தேதி இரண்டு வாரம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, 99 சதவீதப் பதிவுகளைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று 2008ல் கட்டுரை வெளியிட்டார்கள். ஐ.எம்.டி.பி.யில் சொந்தப் பேரில் விமர்சனம் எழுதியவர்களின் மதிப்பெண்களோடு ஒப்பிட்டு ஆளையே பிடித்தும் காட்டினார்கள்.

எட்டுப் படம்! என் ரூம்மேட் என்னோடு ஒரு மழைக்கால விடுமுறையில் பார்த்த படங்களே அதற்கு மேல் இருக்கும். படம் தானே, அதில் என்ன ரகசியம் என்கிறீர்களா? தன் பாலின விருப்பத்தை ஊருக்குச் சொல்லாமல் வாழ்ந்த ஒரு தாய், தான் பார்த்த படப் பட்டியலே தன்னைக் காட்டிக்கொடுக்கும், தன் பிள்ளைகளைப் பாதிக்கும் என்று பேர் சொல்லாமல் 2009 டிசம்பரில் வழக்குப் போட்டார். அடுத்த மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸ் தன் இரண்டாவது போட்டியைக் கைவிட்டது.

எங்கள் துறை மேதாவிகளுக்காக ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு சீனியர் பெரிய யோசனை சொன்னார். ரோல் நம்பரை ஹேஷ் செய்து வைத்தால் போதுமாம், ஒருத்தர் ஒரு தடவை தான் அனுப்ப முடியும், யார் என்றும் தெரியாதாம், ஹேஷைத் திருப்ப முடியாதாம். அவ்வ்வ்வ்! 2014ல் நியூயார்க் டாக்சி ஆணையம் இதையே தான் செய்தது. 2013ல் ஓடிய 17 கோடிக்கும் மேற்பட்ட டாக்சி சவாரிகளின் விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட ஒருத்தருக்குக் கொடுத்தபோது, வண்டி நம்பரையும் டிரைவர் உரிம நம்பரையும் எம்.டி.5 போட்டு மறைத்தது. டாக்சி நம்பர் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். சாத்தியமான எல்லா நம்பருக்கும் வரிசையாக ஹேஷ் போட்டு ஒரு பட்டியல் தயாரித்தார் ஒரு மென்பொருள்காரர். ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டு மணி நேரத்துக்குள் மொத்தமும் வெளியே வந்துவிட்டது. அப்புறம் இன்னொருத்தர், நடிகர் நடிகைகள் டாக்சியில் ஏறும்போது எடுத்த போட்டோக்களில் வண்டி நம்பரைப் பார்த்து, யார் எங்கே போனார்கள், எவ்வளவு டிப்ஸ் கொடுத்தார்கள் என்பது வரைக்கும் சொல்லிவிட்டார். ஹேஷைத் திருப்ப வேண்டியதே இல்லை அண்ணே. நம் வகுப்பில் ரோல் நம்பர் 62 தான் இருக்கிறது. 62 ஹேஷ் போட என் பழைய போனே போதும், சார்ஜ் 4 சதவீதம் இருந்தால் கூட.

அதே மாதிரி போன் விஷயம். மணிக்கு ஒரு தடவை எந்த டவர் பக்கத்தில் இருந்தார் என்பதை மட்டும் வைத்து 15 லட்சம் பேரின் 15 மாத நடமாட்டத்தை ஆராய்ந்து 2013ல் வந்த ஒரு கட்டுரை, நாலு இடமும் நேரமும் தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரிக்கலாம் என்றது. வீடு, காலேஜ், டீக்கடை, சனிக்கிழமை சாயங்காலம் போகிற இடம். நாலு ஆயிற்றா? 2017 நவம்பரில் ஸ்ட்ராவா வெளியிட்டிருந்த ஓட்டப் பயிற்சி வரைபடத்தில் பேர் எதுவும் இல்லை, வெறும் ஒளிக்கோடுகள். ஆனால் பாலைவனத்தின் நடுவில் தனியாக ஒரு கோடு வட்டமாக மின்னினால் அது என்ன, ராணுவ முகாம் தானே? அதைக் கவனித்துச் சொன்னவர் 20 வயது ஆஸ்திரேலிய மாணவர். உளவுத்துறை கிடையாது, நம்மை மாதிரி ஒரு காலேஜ் பையன்.

சரி, இப்போது மெஸ் மேசை வாதங்களில் எனக்கு ரொம்ப எரிச்சல் மூட்டியதற்கு வருகிறேன். "கூகுளுக்கே உன்னைப் பத்தி எல்லாம் தெரியும். அதை விட்டுட்டு காலேஜ் ஃபார்முக்கு ஏன்டா குதிக்கிற?" தொழில்நுட்பச் செய்திகளைக் கரைத்துக் குடித்தவர்கள் போல் இதைச் சொல்கிறார்கள். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் 8.7 கோடி பேர் வரைக்கும் ஃபேஸ்புக் தகவல் போயிருக்கலாம் என்று 2018ல் வந்தது, 2019ல் 500 கோடி டாலர் அபராதம் போட்டார்கள், அப்புறம் யார் ஃபேஸ்புக்கை மூடினார்கள் என்று கேட்கிறார்கள். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் புது நிபந்தனை போட்டதும் எல்லாரும் சிக்னலுக்கு ஓடிவிட்டு, ஒரு மாசத்தில் சத்தமில்லாமல் திரும்பி வந்த கதையைச் சொல்கிறார்கள். உண்மை தான். எங்கள் வீட்டு குரூப்பும் திரும்பி வந்தது. பெரியப்பாவுக்கு குட் மார்னிங் படம் அனுப்ப அங்கே தான் வசதியாம் :-)

ஆனால் ஒன்றை யோசியுங்கள். கூகுள் எங்கள் அப்பாவுக்கு போன் செய்யாது. நான் எந்த நேரத்தில் எதைத் தேடினேன் என்று கலிஃபோர்னியாவில் ஒரு மெஷினுக்குத் தெரிவதும், என் ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போடுகிற ஆளுக்குத் தெரிவதும் ஒன்றா? பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியலாம், சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று நம் ஊரில் எத்தனை விஷயம் இருக்கிறது. அதில் எதுவும் குற்றம் இல்லை. யாருக்குத் தெரிய வேண்டும், யாருக்குத் தெரியக் கூடாது என்பதை நான் முடிவு செய்ய வேண்டும், அவ்வளவு தான் கேட்கிறேன். கூகுள் மேல் எனக்கு இருக்கிற கோபம் தனிக் கணக்கு, அதை இன்னொரு நாள் தீர்த்துக்கொள்கிறேன். அங்கே திருட்டு நடக்கிறது என்பதற்காக இங்கே கதவைத் திறந்து வைக்கச் சொல்வது என்ன நியாயம்?

'நாம என்ன விஐபியா, நம்மளைப் போய் யார் தேடப் போறா' என்பது அடுத்த ஜல்லி. விஐபிக்கு வக்கீல் இருக்கிறார். நெட்ஃப்ளிக்ஸ் மேல் வழக்குப் போட முடிந்தது, ஏ.ஓ.எல்.லில் ஆட்கள் வேலையை விட்டார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸில் வந்தவருக்கு யார் இருக்கிறார்கள்?

இந்தியாவில் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், தனியுரிமை அடிப்படை உரிமை தான் என்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் தனிநபர் தரவு என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் 'பெயர்' என்ற சொல்லே கிடையாது. எந்தத் தகவலை வைத்து ஒருவரை அடையாளம் காண முடியுமோ, அவரைப் பற்றிய அந்தத் தகவல் எல்லாம் தனிநபர் தரவு தான். ஆக, எங்கள் ஃபார்ம் பேர் கேட்கவில்லை என்று மார்தட்டிக்கொண்டதற்கு அர்த்தமே இல்லை. ஆனால் சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். விதிகள் 2025 நவம்பரில் தான் வந்தன, தரவு வைத்திருப்பவர்களின் முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம். அரசாங்கம் தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளவும் அதிலேயே வழி இருக்கிறது. அதே சட்டத்தின் கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, தனிநபர் தகவல் என்று சொல்லி அதிகாரிகள் கதவைச் சாத்திக்கொள்வதைச் சுலபமாக்கியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியுரிமை, நமக்கு ஃபார்ம். ரைட்டு.

அப்படியானால் கருத்தே கேட்கக் கூடாதா என்று என்னைத் திட்ட வருகிறவர்களுக்கு: தாராளமாகக் கேட்கட்டும். மெஸ் சாம்பாருக்கு மார்க் போட என் மாவட்டம் எதற்கு? வேண்டாத கேள்வியை எடுத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். ஒரே மாதிரி விவரம் உள்ள ஆட்கள் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பதில்களைத் தனியாகக் காட்டாதே, மொத்தத்தில் சேர்த்துவிடு. ரொம்ப நுட்பமான கேள்வி என்றால் ஒரு ரூபாய் நாணயம் போதும். இதன் முதல் வடிவத்தை ஸ்டான்லி வார்னர் என்பவர் 1965லேயே எழுதிவிட்டார். ராத்திரி அவசரத்துக்கு ஹாஸ்டலில் உதவி கிடைக்காமல் தவித்திருக்கிறாயா என்று 200 பேரைக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருத்தரும் யாருக்கும் காட்டாமல் காசைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். பூ விழுந்தால் இன்னொரு தடவை சுண்டி, தலை வந்தால் ஆமாம் என்றும் பூ வந்தால் இல்லை என்றும் சொல்லிவிட வேண்டும், உண்மை எதுவாக இருந்தாலும் சரி. கடைசியில் 90 பேர் ஆமாம் என்றிருந்தால், அதில் ஏறக்குறைய 50 காசு சொன்ன ஆமாம். மீதி 40 தான் உண்மை சொன்ன நூறு பேரிலிருந்து வந்தது. ஆக, நூற்றுக்கு நாற்பது பேர் தவித்திருக்கிறார்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் கேட்டில் ஆள் போட வேண்டுமா என்று முடிவு செய்ய இது போதாதா? எந்த ஒரு மாணவனையும் கூப்பிட்டு "நீ தானே ஆமாம்னு சொன்ன?" என்று கேட்கவே முடியாது. "காசு சொல்லிச்சு சார்" என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

இவ்வளவு சுலபமாக இருந்தும் ஏன் செய்யவில்லை என்று யோசித்தால், எனக்குத் தோன்றுகிற பதில் ஒன்று தான். கேட்டில் ஆள் இல்லை என்பதைத் தெரிந்துகொள்வதற்காக அந்தப் பெட்டியை வைக்கவில்லை. அந்தத் தாளை பிரின்ட் எடுத்தவர்கள், எழுதினது யார் என்று தான் தேடினார்கள். கேட்டில் இன்று வரைக்கும் ஆள் போடவில்லை. நேற்று ராத்திரி கூடப் பார்த்தேன், பூட்டுத் தான் தொங்குகிறது.

இவ்வளவு கோபம் உனக்கு எதற்கு, உன்னையா கூப்பிட்டார்கள் என்று கேட்கலாம். இல்லை. ஆனால் நான் எங்கள் துறையில் ரெப். அந்த லிங்க்கைத் துறை குரூப்பில் போட்டது நான். சும்மா போடவில்லை. யாருமே பதில் அனுப்பாமல் இருந்ததால், "பயப்படாம எழுதுங்க மக்களே, பேர்லாம் வராது, நான் கேரண்டி" என்று கட்டைவிரல் படத்தோடு போட்டேன். அந்த மெசேஜ் இன்னும் குரூப்பில் இருக்கிறது. அழித்துவிடலாம் என்று நினைத்தேன், அழிக்கவில்லை. அந்த அப்பா கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை, நல்லாப் படிங்கப்பா என்றார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

இந்த வாரம் இந்த செமஸ்டருக்கான ஃபார்ம் வந்திருக்கிறது. இப்போது ஏழு கேள்வி. புதிதாக, எந்த பிளாக் எந்த மாடி என்று. மேலே அதே தடித்த எழுத்தில் அதே வாக்குறுதி. போய்க் கேட்டேன். மாவட்டம், மீடியம், மாடி இந்த மூன்றையும் எடுத்துவிடுங்கள் சார், மற்றதை நானே எல்லாரையும் நிரப்ப வைக்கிறேன் என்றேன். டெம்ப்ளேட் அப்படித் தான் இருக்கு, மாத்த முடியாது என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் துறையில் எல்லாரும் அனுப்பியாக வேண்டுமாம். லிங்க் என் போனில் தான் இருக்கிறது, குரூப்பில் போடவில்லை. ரெப் பதவி போனால் போகட்டும், அட்டெண்டன்ஸ் ஷீட் தூக்குகிற வேலை ஒன்று குறையும்.

டிஸ்கி: அவரிடம் கேட்டு, எழுதியதைப் படித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகு தான் இதைப் போடுகிறேன். ஆணா பெண்ணா, எந்த வகுப்பு, எந்த ஊர் என்று எதுவும் சொல்லவில்லை, ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். யாரென்று தெரிந்த எங்கள் கல்லூரி மக்கள் கீழே வந்து பேரைச் சொல்லிவிட வேண்டாம். சொன்னால் தூக்கிவிடுவேன். என்னைத் திட்டுவதாக இருந்தால் மட்டும் தாராளமாகத் திட்டலாம், பேர் போட்டோ போடாமலோ.